1878: ஒரு சைக்கிள் சங்கமும் ஓர் ஆப்காரிச் சட்டமும்

1878ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் ஹாரகேட் நகரில், சைக்கிளில் நெடும்பயணம் செய்வோருக்கான சங்கம் ஒன்று தோன்றியது. சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற பெயர் 1883இல் அதற்கு வந்தது. அதே 1878இல் பம்பாய் மாகாணத்தில் ஆப்காரிச் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும், சைக்கிளில் ஊர் ஊராகச் செல்லும் ஒருவர் அந்தந்த ஊரில் காய்ச்சிய அல்லது புளிக்க வைத்த பானத்தை, அதைச் செய்தவர் கையிலிருந்தே வாங்கிப் பருக இயலுமா என்னும் எளிய கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு விடையும் புனேயில் வேறொரு விடையும் கிடைப்பது ஏன் என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்யும் சைடர், இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில் பண்ணை வாழ்வின் ஒரு கூறாக இருந்தது. கூலியின் ஒரு பகுதியையே சைடராக அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1887ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் அதற்குத் தடை விதித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1763இல், அரசு சைடர்மீது வரி விதித்தபோது கலகம் மூண்டது. வரி அதிகாரி வீட்டுக்குள் நுழைந்து சோதனையிடலாம் என்பதே மக்களின் முதன்மையான எதிர்ப்பாக இருந்தது. அவ்வரி 1766இல் திரும்பப் பெறப்பட்டது. 1976இல் சைடர் வரி மீண்டும் வந்தபோது, ஆண்டுக்கு 7,000 லிட்டருக்கு உட்பட்டுச் செய்து விற்பவருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இன்று ஹெர்ஃபோர்ட்ஷயரிலோ சோமர்செட்டிலோ சைக்கிளில் செல்பவர் ஏதேனும் ஒரு பண்ணை வாயிலில் நின்று சைடர் வாங்க முடிகிறதென்றால், மண்ணும் மரபும் மட்டுமே அதற்குக் காரணமல்ல. சிறு உற்பத்தியாளரை வாழவிட்ட வரிவிதி ஒன்றும் அதன் பின்னால் இருக்கிறது.

பம்பாய் மாகாணத்தின் கதை எதிர்த்திசையில் சென்றது. அங்கு ஆப்பிளின் இடத்தில் இருந்தவை பனை, ஈச்சை, தென்னை ஆகியவற்றின் கள்ளும் இலுப்பைப்பூச் சாராயமும். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற பழமொழியை அறிந்த தமிழருக்கு, அந்தப் பூவின் இனிப்பு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. இனிப்பு இருக்கும் இடத்தில் புளிப்பும் உண்டு. பானை ஒன்றும் குழாய் ஒன்றும் இருந்தால் வீட்டிலேயே வடித்துவிடலாம். அதுவே வருவாய்த்துறையின் கவலையாக இருந்தது. சிதறிக்கிடக்கும் ஆயிரம் அடுப்புகளிடம் வரி வசூலிப்பது கடினம்; மதிலுக்குள் இருக்கும் ஒரே ஆலையிடம் வசூலிப்பது எளிது. 1870களின் பிற்பகுதியில் சார்லஸ் பிரிட்சார்ட் என்னும் அதிகாரியின் முன்முயற்சியால் உருவான கொள்கையின் சாரம் இதுதான். சிற்றூர் வடிப்பு ஒடுக்கப்பட்டது. உரணில் இருந்தவை போன்ற பெரிய வடிப்பாலைகளில் உற்பத்தி குவிந்தது. கள்ளிறக்கும் மரங்கள்மீதான வரி உயர, பண்டாரி சமூகத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1892இல் வந்த இலுப்பைச் சட்டம், கொங்கண மாவட்டங்களில் பூவைச் சேகரித்து வைப்பதற்கே கட்டுப்பாடு விதித்தது. காட்டில் உதிர்ந்த பூ, சட்டத்தின் பார்வையில் குற்றத்தின் மூலப்பொருளாயிற்று.

இந்தப் பின்னணியில்தான் புனேயின் ‘கேம்ப்’ பகுதியைப் பார்க்க வேண்டும். 1817 நவம்பர் 5 அன்று நடந்த கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்ற பின், பழைய நகரத்துக்குக் கிழக்கே ஆங்கிலேயர் அமைத்த படைவீடே கேம்ப். படையினரைச் சார்ந்து பார்சிகள், ஈரானியர், போராக்கள், கோவா கிறித்தவர்கள், தமிழர் எனப் பலரும் அங்குக் குடியேறினர். படைவீட்டின் தாகம் பெரிது. அத்தாகத்தைப் பற்றிய அரசின் அச்சமும் பெரிது. இந்தியாவில் இருந்த படையின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச ஆணையம், 1863இல் அளித்த அறிக்கையில், படைவீரரின் நோய்க்கும் சாவுக்கும் அசுத்தமான நீரையும் மதுவையும் முக்கியக் காரணங்களில் வைத்துப் பேசியது. நீரும் ஆகாது, சாராயமும் ஆகாது என்றால் எஞ்சுவது என்ன?

எஞ்சியது சோடா. 1767இல் லீட்ஸ் நகரின் மதுவடிப்பகம் ஒன்றில் எழுந்த வாயுவைக் கொண்டு ஜோசப் பிரீஸ்ட்லி தொடங்கிய சோதனையிலிருந்து பிறந்த பானம் அது. 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற புட்டியில், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே ஒரு கண்ணாடிக் கோலியை வாயில் இறுக்கி அடைத்தது. தக்கை வேண்டியதில்லை. புட்டியைத் திரும்பப் பெற்றுக் கழுவி மீண்டும் நிரப்பலாம். தமிழ்நாட்டில் ‘கோலி சோடா’ என்று வழங்கும் அதே புட்டிதான் இது. எடை மிகுந்த கண்ணாடியும் திரும்ப வரவேண்டிய கட்டாயமும் இத்தொழிலை அந்தந்த ஊருக்குள்ளேயே நிறுத்தின. மாட்டுவண்டியும் பின்னாளில் சைக்கிளும் செல்லும் தொலைவே ஒரு சோடாக் கம்பெனியின் எல்லை.

பம்பாயில் பல்லோன்ஜி 1865இல் தொடங்கப்பட்டது. புனே கேம்ப்பில் அர்தேஷிர் கோதாதாத் ஈரானி 1884இல் தொடங்கிய ‘அர்தேஷிர் அண்ட் சன்ஸ்’, ராஸ்பெரி, இஞ்சி, எலுமிச்சைச் சுவைகளில் இன்றும் சோடா செய்துவருகிறது. ஆப்காரிச் சட்டம் வந்து 6 ஆண்டுகளே கழிந்திருந்தன என்பது கவனத்துக்குரியது. சட்டத்தால் சோடா பிறந்தது என்று சொல்வது மிகை. படைவீடு தந்த சந்தையும் ஈரானிய உணவகங்களின் பெருக்கமும் அதை வளர்த்தன. ஆனால் புளிக்க வைக்கும் சிறுதொழில் குற்றமாக்கப்பட்ட காலத்தில், புளிக்காத பானம் செய்யும் சிறுதொழிலுக்கு அத்தகைய தடை இருக்கவில்லை. ஒரு கதவு மூடப்பட்டது. பக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. கேம்ப்பில் உள்ளூர் பானத்தைத் தேடி வரும் பயணிக்கு மூன்றாம் தலைமுறை சைடர்காரர் கிடைக்காமல், தலைமுறைகள் கடந்த சோடாக்காரர் கிடைப்பதன் பொருள் இதுவே.

பார்சி சமூகத்துக்கும் சைக்கிளுக்குமான உறவும் இங்கு நினைவுக்கு வரும். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து 6 பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டரைக் கடந்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர். நெடுவழியில் சைக்கிள்காரர் ஒவ்வோர் ஊரிலும் முதலில் தேடுவது குடிக்க ஏதேனும் ஒன்று. அவ்வூரின் நீர், மரம், சட்டம் மூன்றும் சேர்ந்தே அந்தக் கோப்பையில் வந்து விழுகின்றன.

விடுதலைக்குப் பின் இக்கதை முடிந்துவிடவில்லை. 1908இல் திலகரின் தலைமையில் புனேயின் மதுக்கடைகள் முன் மறியல் நடந்தபோது, ஆப்காரி வருவாயை எதிர்ப்பது அந்நிய ஆட்சியை எதிர்ப்பதாகவே கருதப்பட்டது. அந்த மரபின் தொடர்ச்சியாக வந்த 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம், திருத்தங்களுடன் மகாராட்டிரத்தில் இன்றும் நடைமுறையில் உள்ளது. காலனிய அரசு வருவாய்க்காகவும், தேசிய இயக்கம் அறத்துக்காகவும் எடுத்த நிலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. சிறு உற்பத்தியாளரைப் பொறுத்தவரை இரண்டின் விளைவும் ஒன்றே. 2001இல் மகாராட்டிர அரசு திராட்சை மதுவுக்குத் தனிக் கொள்கை வகுத்துச் சலுகை அளித்த பின்னர்தான் நாசிக்கின் தோட்டங்கள் பயணிகளை வரவேற்கும் இடங்களாயின. புனேயில் மூன்ஷைன் மீடரி தேனைப் புளிக்கவைத்து மது செய்து விற்பது கடந்த பத்தாண்டின் நிகழ்வு. இவை புதிய சுவையின் வருகையை மட்டும் காட்டவில்லை. விதி நெகிழும் இடத்தில் கைத்தொழில் தலைகாட்டும் என்பதையும் காட்டுகின்றன. ஆனால் நெகிழ்ந்த விதியின் பயன் முதலில் யாரை அடைந்தது என்ற கேள்வி நிற்கிறது. திராட்சைத் தோட்டக்காரருக்குக் கிடைத்த சலுகை, இலுப்பைப்பூ பொறுக்கும் ஆதிவாசிக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை.

இக்கேள்வி தமிழ்நாட்டுக்கும் அயலானதல்ல. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் சைக்கிளில் செல்பவர் ஒரு நாளைக்குள் எல்லையைக் கடந்துவிடலாம். இருபுறமும் ஒரே தென்னை, ஒரே கணவாய்க் காற்று. அப்பால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. இப்பால் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, டாஸ்மாக் கடைக்கு அனுமதி. மதுவின் நன்மை தீமை பற்றிய விவாதம் வேறு. இங்கு வரலாற்று மாணவர் கேட்கவேண்டியது, எந்தக் குடி தடுக்கப்பட்டது, எந்தக் குடி அனுமதிக்கப்பட்டது, அந்தத் தெரிவில் யாருடைய தொழில் மறைந்தது என்பதையே. மரமேறியின் அரிவாளும் ஆதிவாசியின் பானையும் ஆப்காரி ஆவணங்களில் பெரும்பாலும் குற்றத்தின் தடயங்களாகவே பதிவாகியுள்ளன. அவற்றைத் தொழிற்கருவிகளாக மீட்டு வாசிப்பது ஆய்வாளரின் கடமை. கேம்ப்பின் ஒரு ராஸ்பெரி சோடாவிலிருந்தும் அந்த வாசிப்பைத் தொடங்கலாம்.