பசுமை மென்பொருள் வடிவமைப்பு

பசுமை மென்பொருள் வடிவமைப்பு என்பது, ஒரு மென்பொருள் தன் பணியைக் குறைந்த மின்னாற்றலிலும் குறைந்த வன்பொருள் வளத்திலும் செய்து முடிக்குமாறு அதனைத் திட்டமிட்டு எழுதும் முறையாகும். மென்பொருள் புகை கக்குவதில்லை. ஆயினும் செயலி, திரை, வலையமைப்பு ஆகியவை எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதையும், ஒரு கணினி எப்போது கழிவாகும் என்பதையும் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கின்றது.

செயலியின் உறக்கம்

வேலையற்ற செயலி, சி-நிலைகள் எனப்படும் உறக்க நிலைகளுக்குச் செல்கின்றது. உறக்கம் ஆழமாக ஆழமாக மின்செலவு குறையும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்திற்குச் சென்று மீள்வதற்கே நேரமும் ஆற்றலும் தேவை. எனவே அடிக்கடி எழுப்பப்படும் செயலி ஆழ்ந்து உறங்குவதே இல்லை. லினக்ஸ் கருனியின் 2.6 வரிசையில், எக்ஸ்86 கணினிகளில் கடிகாரக் குறுக்கீடு தொடக்கத்தில் நொடிக்கு 1000 முறை நிகழ்ந்தது. 2005இல் வெளியான 2.6.13 பதிப்பில் இயல்பிருப்பு 250 ஆக்கப்பட்டது. செய்வதற்கு ஏதும் இல்லாதபோதும் செயலி அத்தனை முறை விழித்தது. 2007 ஏப்ரலில் வெளியான 2.6.21 பதிப்பு, 32-பிட் எக்ஸ்86 கணினிகளில் ஓய்வு நேரக் குறுக்கீட்டை நிறுத்தி, அடுத்த வேலை வரும்வரை செயலியை உறங்கவிட்டது.

கருனி அமைதியான பின்னரே பயனர் நிரல்களின் ஆரவாரம் தெரியவந்தது. இன்டெல் நிறுவனம் 2007 மே மாதம் வெளியிட்ட பவர்டாப் என்னும் கட்டற்ற கருவி, எந்த நிரல் எத்தனை முறை செயலியை எழுப்புகிறது எனப் பெயர் சுட்டிப் பட்டியலிட்டது. ஏதேனும் மாறியுள்ளதா என்று ஓயாது வினவும் நிரல்களே பெரும்பாலும் அதில் சிக்கின. அஞ்சற்காரர் கதவைத் தட்டும்வரை காத்திராமல், நொடிக்கொரு முறை வாயிலுக்குச் சென்று பார்ப்பதற்கு இது ஒப்பாகும். நிகழ்வு வரும்வரை காத்திருக்குமாறு நிரலை மாற்றுவதே இதற்குத் தீர்வு. காத்திருக்க இயலாத இடங்களில், துல்லியம் தேவைப்படாத பல வேலைகளை ஒரே கணத்தில் எழுமாறு சேர்க்கலாம். ஜிலிப் நிரலகத்தின் 2.14 பதிப்பில் (2007) இதற்கெனவே ஒரு செயற்கூறு சேர்க்கப்பட்டது.

வன்பொருளின் ஆயுள்

வன்பொருள் விரைவாவதைக் காட்டிலும் மென்பொருள் மந்தமாவது விரைவாக நடக்கின்றது என்னும் கூற்று, நிக்லாஸ் விர்த் 1995இல் எழுதிய கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. மடிக்கணினி, கைப்பேசி போன்றவற்றின் வாழ்நாள் கரிம உமிழ்வில் பெரும்பங்கு உற்பத்தியின்போதே ஏற்பட்டுவிடுவதால், நல்ல நிலையிலுள்ள கருவியைக் கைவிடச் செய்யும் மென்பொருள் மின்சாரத்தைச் சேமித்தாலும் பசுமையானதன்று. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபோது, விண்டோஸ் 11 கோரும் டிபிஎம் 2.0 இல்லாத கணினிகள் பழுதின்றியே இந்நிலையை எய்தின.

நீல தேவதைச் சான்று

செருமனி அரசின் சூழல் முத்திரையான நீல தேவதை 1978இல் தொடங்கப்பட்டது. 2020இல் மென்பொருட்களுக்கும் விரிவாக்கப்பட்டது. குறைந்தது ஐந்தாண்டு பழைய கணினியிலும் இயங்குதல், திறந்த தரவு வடிவங்கள், விளம்பரமின்மை ஆகியன அதன் நிபந்தனைகளுட் சில. மின்செலவை அளந்து வெளியிடவும் வேண்டும். வழமையான பயன்பாட்டைத் தானியக்கமாகப் பலமுறை நிகழ்த்தி, மின்னளவியின் அளவீட்டை ஓய்வுநிலை அளவீட்டுடன் ஒப்பிட்டு இது கணிக்கப்படுகின்றது. கேடிஇ குழுவின் ஆவண வாசிப்பு மென்பொருளான ஓக்குலர், 2022இல் இச்சான்றைப் பெற்ற முதல் மென்பொருளானது.