கேதே உரோமாபுரியைப் பிரிந்தமை

ஜெர்மானியப் பெரும்புலவராகிய கேதே என்பார் 1786-ஆம் ஆண்டில், தம் பெயரை மறைத்து, ஓவியர் ஒருவர் போல உரோமாபுரி புகுந்தார். 1788 ஏப்பிரலில் அதனைப் பிரிந்தார். பிரியுமுன், முழுநிலாக் காலத்து ஓரிரவில் தனியே புறப்பட்டுப் பெருந்தெரு வழியே சென்று கபித்தோல் குன்றேறினார். ஆங்குக் குதிரைமேல் வீற்றிருக்கும் மார்க்கஸ் அரேலியஸ் மன்னனது சிலையைக் கண்டு, பின்புறப் படிகளால் இறங்கினார். செவரஸ் மன்னனது வெற்றி வளைவு கரிய நிழல் வீழ்த்தி நின்றது. நன்கு பழகிய இடங்களே அன்று அயலாய்த் தோன்றின. கி. பி. 80-இல் திறக்கப்பெற்ற கொலோசியத்தை அடைந்து, அடைத்த கம்பிகளினூடே உள்ளே நோக்கினார். மெய்ந்நடுங்கி விரைந்து திரும்பினார். மக்களை மக்கள் கொல்லக் கண்டு களித்த அரங்கன்றோ அது! ஆயினும் அவரை நடுக்கியது பண்டைக் கொலையன்று, பிரிவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அப்பொழுது அவர் நெஞ்சில் எழுந்தது ஓவித் என்னும் பழம்புலவரின் இரங்கற்பா. அகஸ்டஸ் மன்னனால் கி. பி. 8-இல் கருங்கடற்கரைத் தோமி நகருக்கு ஓட்டப்பட்ட அவரும் நிலவொளியிலேயே உரோமை நீங்கினவர். கேதேயைத் துரத்தினார் எவருமிலர். வைமார் நாட்டிற்கே அவர் மீண்டார். எனினும், தாமும் ஒன்று பாடின் அத்துயரின் மென்மணம் கலையுமென்று அஞ்சிப் பாடாதொழிந்தார். அவ்விரவின் செய்தி 1829-இல், 41 ஆண்டு கழித்தே அவரது நூலில் வெளிவந்தது. அதற்கிடையே உரோமாபுரியை அவர் மீண்டும் கண்டாரில்லை.