ரேந்தைத் திண்டு

நம் காலனியில் மேசைவிரிப்புக்கு ரேந்தை வைக்காத இல்லம் அரிது. அவற்றுள் ஒருவகை, திண்டின்மேல் பின்னப்படுவது. நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இணை இணையாக மாற்றிப் போட்டு முறுக்கி, ஆங்காங்கே குண்டூசி குத்தி நிறுத்துவர். குத்திய ஊசி அசையலாகாது. ஆதலின் இலவம்பஞ்சுத் தலையணை இதற்கு உதவாது. வைக்கோலை இறுகத் திணித்த திண்டே வேண்டும்.

திண்டின் வடிவோ வேலையைப் பொறுத்தது. இங்கிலாந்தின் ஹானிட்டன் பகுதியினர் பூவையும் இலையையும் தனித்தனியே பின்னிப் பின்னர் இணைப்பவர்; எனவே எப்பக்கமும் திருப்பத்தக்க சிறிய வட்டத் திண்டைக் கொண்டனர். கெஜக்கணக்கில் ஓரப்பட்டி பின்னுவோர்க்கு உருளைத் திண்டு ஏற்றது. அது சுழலச் சுழலப் பட்டியும் நீண்டுகொண்டே போகும். மால்டாத் தீவினர் நீண்டொடுங்கிய திண்டைச் சாய்த்து நிறுத்திப் பின்னுவர். நம் பெரியோர் திண்டில் சாய்ந்தனர். அங்கோ திண்டே சாய்கிறது!

இக்கைத்தொழில் நம் தென்கோடிக்கும் வந்தது. 1819-இல் நாகர்கோவில் வந்த பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு ரேந்தை கற்பித்தார். அவர் மகள் எலைசா, ஒப்பிலக்கணம் இயற்றிய கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து, திருநெல்வேலிச் சீமை இடையன்குடிக்கும் அதனைக் கொண்டு சென்றார்.

நாகர்கோவில் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கு அடிமை முறை 1855-இல்தான் அரசாணையால் ஒழிந்தது. அதற்கு முன்னரே அடிமைப் பெண்கள் சிலர், திண்டின்முன் அமர்ந்து ஈட்டிய கூலியைச் சேர்த்து, தம் விலையைத் தாமே செலுத்தி விடுதலை பெற்றனர் என்று மிஷன் குறிப்புகள் கூறுகின்றன.