எண்ணெய் இல்லாத ஓலியோ: மாதிரி விமானக் கால்களின் வரலாறு

இலத்தீனில் 'ஓலியம்' என்ற சொல் முதலில் ஆலிவ் எண்ணெயை மட்டுமே குறித்தது. பின்னர் எல்லா எண்ணெய்களுக்கும் பொதுப்பெயராயிற்று. எள்ளின் நெய்யான 'எண்ணெய்' தமிழில் தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் வரை பரவியதும் இதே வகைப் பொருள்விரிவுதான். விமானத் தொழில்நுட்பம் அந்த இலத்தீன் சொல்லை எடுத்துக்கொண்டு, தரையிறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும் காலுக்கு 'ஓலியோ' என்று பெயரிட்டது. உள்ளே எண்ணெய் இருந்ததால் அந்தப் பெயர். ஆனால் ரேடியோக் கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களின் உலகில் இன்று 'ஓலியோ' என்ற பெயரில் விற்கப்படும், வாங்கப்படும், லேத்தில் கடையப்படும் கால்களுள் பெரும்பாலானவற்றில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. உள்ளே இருப்பது ஒரு சுருள்வில். எண்ணெய் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இது வெறும் வணிகச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குப் பின்னே இயற்பியலும் இருக்கிறது, போட்டி நடுவர்களின் கண்ணும் இருக்கிறது.

முதலில் உண்மை விமானத்தின் கதை. முதல் உலகப்போர்க் கால விமானங்களில் சக்கர அச்சைக் காலோடு பிணைத்தது ரப்பர்க் கயிறு. நூலுறை போர்த்திய அந்தக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும். தரை மோதும்போது அச்சு மேலேறிக் கயிற்றை இழுக்கும், பிறகு திரும்பும். விமானத்தின் எடை கூடக்கூட இது போதாமற் போயிற்று. தீர்வு வந்த இடம் பீரங்கிப் பட்டறை. 1897-ஆம் ஆண்டின் பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி, சுட்டதும் பின்னோக்கித் தாவும் குழலின் விசையை எண்ணெயாலும் அழுத்தப்பட்ட காற்றாலும் அடக்கியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பீரங்கி செய்துகொண்டிருந்த பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 1915-இல் இதே கொள்கையிலான விமானக் காலுக்குக் காப்புரிமை பெற்றது.

அந்தக் காலின் செயல்முறை எளிது. ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு குழல்கள். உள்ளே எண்ணெயும், அதன் மேல் அழுத்தத்தில் வாயுவும். தரை மோதும்போது உட்குழல் மேலேறுகிறது. வாயு சுருங்கி வில்லைப் போல் தாங்குகிறது. எண்ணெய் ஒரு சிறு துளையின் வழியே பிதுங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் மோதலின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. இங்கே இரண்டு வேலைகள் நடப்பதைக் கவனிக்க வேண்டும். வில்லின் வேலை ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவது. எண்ணெயின் வேலை அதை அழிப்பது. வில் மட்டும் இருந்தால், விமானம் எவ்வளவு வேகமாகத் தரையில் விழுந்ததோ ஏறத்தாழ அதே வேகத்தில் மீண்டும் எம்பும்.

இந்த வேறுபாடு எத்தனை விலையுயர்ந்தது என்பதை அமெரிக்கக் கடற்படை கோர்சேர் போர்விமானத்தின் வழியே கற்றது. வாட் நிறுவனத்தின் இந்த விமானம் 1940 மே மாதம் முதன்முறை பறந்தது. அதன் சுழலி ஏறத்தாழ 4 மீட்டர் விட்டமுடையது. அத்துணைப் பெரிய சுழலி தரையைத் தொடாமலிருக்க நெடிய கால்கள் வேண்டும். நெடிய கால்கள் கப்பல் தளத்தின் மோதலைத் தாங்கா. எனவே பொறியாளர்கள் இறக்கையையே கீழ்நோக்கி வளைத்து, வளைவின் தாழ்ந்த முனையில் குட்டையான கால்களைப் பொருத்தினர். கோர்சேரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டும் அந்த வளைந்த இறக்கை, ஒரு வகையில் லேண்டிங் கியரின் குழந்தை. அப்படியும் விமானம் கப்பல் தளத்தில் துள்ளியது. முன்னே நீண்ட மூக்கு பார்வையை மறைத்ததும், வேகம் குறையும்போது ஓர் இறக்கை முந்திச் சரிந்ததும் சேர்ந்துகொள்ள, 1943-இல் அமெரிக்கர்கள் இதைப் பெரும்பாலும் கரைத் தளங்களிலிருந்தே பறக்கவிட்டனர். காலின் உள்ளமைப்பைத் திருத்தித் துள்ளலை அடக்கிய பின்னர், 1944-இல்தான் அமெரிக்கக் கடற்படை இதைக் கப்பல்களுக்கு முழுமையாக ஏற்றது. எண்ணெய் நிரம்பிய கால்களை வைத்துக்கொண்டே, அதன் ஓட்டமும் வாயுவின் அழுத்தமும் இசையாததால் இவ்வளவு தொல்லை.

இனி மாதிரி விமானத்துக்கு வரலாம். அதன் முதல் காலும், இன்றுவரை மிகுதியாகப் புழங்கும் காலும் பியானோ கம்பிதான். வளைத்தால் திரும்பும், மிகுதியாக வளைந்துவிட்டால் மைதானத்திலேயே கையால் நிமிர்த்திக்கொள்ளலாம். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பால்சா மரம் செதுக்கியவர்களுக்கு இந்தக் கம்பி நன்கு தெரிந்திருக்கும். அமெரிக்காவின் இரட்டைச் சகோதரர்கள் வால்டர் குட், வில்லியம் குட் ஆகியோர் 1937-இல் ரேடியோவால் இயக்கிய 'கஃப்' என்னும் மாதிரி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தக் காலத்தில் மாதிரி முழுதாகத் திரும்பி வருவதே வெற்றி. கால் எப்படித் தோன்றுகிறது என்று எவரும் கேட்கவில்லை. 1960-களில் குச்சியின் அசைவுக்கு ஈடாகச் சுக்கான் அசையும் விகிதக் கட்டுப்பாடு பரவியது. பல அலைவழிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றைக் காலை மடக்குவதற்கு ஒதுக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் கால் ஒரு தனிக் கலையாயிற்று.

மடங்கும் காலை மாதிரி உலகம் 'ரிட்ராக்ட்' என்கிறது. தொடக்கத்தில் சர்வோவே நெம்புகோலால் காலை மடக்கியது. பிறகு காற்றழுத்த அமைப்புகள் வந்தன. பறக்கும் முன் ஒரு சிறு கலத்தில் கைப்பம்பால் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். குழாயில் நுண்ணிய கசிவு ஏற்பட்டாலும் கால் இறங்காது, விமானம் வயிற்றால்தான் இறங்கும். இந்த அச்சத்தாலேயே காற்று மேலே தூக்கவும் வில் கீழே தள்ளவும் அமைந்த வகை தோன்றியது. காற்று போனாலும் கால் வந்துவிடும். இப்போது சிறு மின்மோட்டாரும் திருகுத் தண்டும் அந்த இடத்தைப் பிடித்துவருகின்றன.

கோர்சேரின் காலைப் படியெடுப்பவருக்கு இவை மட்டும் போதாது. அந்தக் கால் பின்னோக்கி மடங்கும்போதே ஏறத்தாழக் கால்வட்டம் முறுக்கித் திரும்பி, சக்கரம் இறக்கைக்குள் கிடையாகப் படுக்கும். பி-40 போர்விமானத்திலும் இதே முறுக்கு உண்டு. அந்த முறைக்குக் காப்புரிமை வைத்திருந்தது போயிங். பி-40-ஐக் கட்டிய கர்டிஸ் நிறுவனம் அதற்கு உரிமைத் தொகை செலுத்தியது. மாதிரியில் இதே அசைவைப் பெறக் கட்டைவிரல் அளவு உலோகக் கட்டிக்குள் மடிப்பையும் முறுக்கையும் ஒன்றாக நிகழ்த்த வேண்டும். மடங்கும் கோணம் ஒரு பாகை பிசகினாலும் சக்கரம் தன் குழிக்குள் அமராமல் விளிம்பில் இடிக்கும்.

இத்தனை நுணுக்கத்தையும் செய்து முடித்தவர்கள் காலுக்குள் எண்ணெய் ஊற்றாமல் நின்றது ஏன்? விடை அளவுக்கணக்கில் உள்ளது. விமானத்தை 5-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 5-இல் ஒன்று, பரப்பு 25-இல் ஒன்று, எடை 125-இல் ஒன்று. 12.5 மீட்டர் இறக்கை 2.5 மீட்டராகும், சுமார் 5,400 கிலோ எடை 43 கிலோவாகும். நடைமுறையில் மாதிரிகள் அதைவிட வெகு இலகுவாகவே கட்டப்படுகின்றன, எனவே காலின் மீது விழும் விசை இன்னும் குறைவு. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின் இறுக்கத்தையோ அதே விகிதத்தில் தளர்த்த முடியாது, தளர்த்தினால் கசியும். உண்மை விமானத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத வளைய உராய்வு மாதிரியில் காலை அசையவிடாமலே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஓடும் துளையும் ஒரு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடும். ஒரு தூசி அதை அடைக்கும். வெயிலில் எண்ணெய் நீர்த்துப்போனால் அதன் தன்மையே மாறும்.

புவியீர்ப்பு மட்டும் சுருங்குவதில்லை. பெரிய பயணிகள் விமானங்களின் காலை வடிவமைக்கையில் நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் கீழிறங்கும் மோதலைக் கணக்கில் கொள்வர். ஏறத்தாழ 47 செ.மீ. உயரத்திலிருந்து விழும் பொருள் எட்டும் வேகம் அது. அதே அளவுகோலை 5-இல் ஒரு பங்கு மாதிரிக்குப் பொருத்தினால் 9 செ.மீ. வருகிறது, அரைச் சாணுக்கும் குறைவு. தரையில் நின்று, தொலைவில் வரும் விமானத்தைக் கண்ணால் அளந்து இறக்குபவருக்கு அரைச் சாண் பிழை என்பது பிழையே அல்ல. புல்லும் சுருங்குவதில்லை. 5 செ.மீ. புல் மாதிரியின் சக்கரத்துக்கு 25 செ.மீ. புதர். ஆக, மாதிரியின் கால் தன் மூலத்தைவிடக் கடுமையான வாழ்க்கையை, மூலத்தைவிட மெலிந்த தண்டோடு வாழ்கிறது. வலிமைக்காகப் பலர் 7075 அலுமினியக் கலவையைக் கடைகின்றனர். ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் 1930-களில் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது அது. ஜீரோ போர்விமானத்தின் இறக்கைக்குப் பயன்பட்ட உலோகம்.

மற்றொரு காரணம் போட்டி. சர்வதேச வானூர்திக் கூட்டமைப்பின் எஃப்4சி பிரிவில், போட்டியாளர் தாமே கட்டிய மாதிரியை வரைபடங்களோடும் ஒளிப்படங்களோடும் நடுவர் முன் வைக்க வேண்டும். முதலில் நின்ற நிலையில் மதிப்பெண், பிறகு பறப்புக்கு மதிப்பெண். காலை இறக்கி ஏற்றிக் காட்டுவதும் பறப்பில் தேர்ந்துகொள்ளத்தக்க ஒரு காட்சி. நின்ற நிலையில் நடுவர் காண்பது மேற்பரப்பை. உட்குழலின் பளபளப்பு எத்தனை விரல் தெரிகிறது, கத்தரி போன்ற முட்டிணைப்பு சரியான பக்கம் பார்க்கிறதா, பிரேக் குழாய் எங்கே வளைகிறது என்பவை. உண்மை விமானத்தில் அந்தக் கத்தரி உட்குழல் சுழலாமல் தடுக்கிறது. மாதிரிகள் பலவற்றில் அந்த வேலையைக் குழலுக்குள் மறைந்த ஓர் ஊசியும் நீள்வெட்டும் செய்ய, கத்தரி வெறும் அணிகலனாகத் தொங்குகிறது. பிரேக் குழாய் என்பது மின்கம்பியின் மேலுறை.

இதைப் போலி என்று இகழ்வது எளிது, நியாயமன்று. நல்ல கலைஞர் வில்லைத் தேர்வதிலேயே திறமை தெரியும். கடை வில் பெரும்பாலும் விறைப்பு மிக்கது. அதைப் பொருத்தினால் மாதிரி நாரையைப் போல் கால் விறைத்து நிற்கும், தன் எடையில் அமிழாது. உண்மை விமானமோ நிற்கும்போது சற்றே அமிழ்ந்திருக்கும், எழும்பியதும் கால் நீளும். இந்த அமிழ்வுக்காக வில்லை மென்மையாக்கினால் முதல் கடின இறக்கத்திலேயே குழல் அடிமுட்டும். மென்மையான வில்லின் உள்ளே குட்டையான கடின வில் ஒன்றைச் சேர்த்து இரு படிநிலைகளில் தாங்கவைப்பது ஒரு வழி. துள்ளல் அப்போதும் நீங்காது. முதல் உலகப்போர் விமானங்களைப் படியெடுப்பவர்களுக்கு மட்டும் இந்த வேதனை இல்லை. அவர்கள் மூலத்தைப் போலவே ரப்பர்க் கயிற்றைச் சுற்றிக் கட்டுகின்றனர். தோற்றமும் இயக்கமும் அங்கே ஒன்றே.

விந்தை என்னவெனில், ரேடியோக் கட்டுப்பாட்டு மாதிரி கார்களில் உண்மையான எண்ணெய் டாம்பர்கள் பல பத்தாண்டுகளாக உள்ளன. சிலிகோன் எண்ணெய், துளையிட்ட பிஸ்டன், ஓ-ரிங், எல்லாம் கடையில் கிடைப்பவை. காரில் டாம்பர் சக்கரத்துக்குள் ஒளிய வேண்டியதில்லை; நெம்புகோல் போன்ற கையில் சாய்வாக நிற்கிறது, அதனால் அதன்மேல் விழும் விசையும் பெரிது, மேலும் எவரும் அதைப் பழைய ஒளிப்படத்தோடு ஒப்பிடுவதில்லை. சில விமானக் கலைஞர்கள் அந்தக் கார் உறுப்புகளைக் காலின் குழலுக்குள் அடைத்துப் பார்க்கின்றனர். கசிவுதான் முதற்பகை. தலைகீழாகவும் பறந்து, மடங்கிக் கிடையாகவும் படுக்கும் காலில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடுவது அடுத்தது.

எண்ணெய் ஊற்றாதவர்களும் எண்ணெயை முற்றிலும் மறந்துவிடவில்லை. உண்மைக் கால்களில் உட்குழலும் வெளிக்குழலும் சேரும் இடத்தில் காலப்போக்கில் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கருமையான வளையம் ஒன்று படியும். பராமரிப்பாளருக்கு அது குறைபாடு, துடைத்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய ஒன்று. மாதிரி கட்டுபவர் எல்லாம் முடிந்த பின், பழுப்பும் கருப்பும் கலந்த வண்ணத்தை மெல்லிய தூரிகையில் தொட்டு, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாத தம் ஓலியோவின் விளிம்பில் அந்தக் கறையை வரைகிறார். அதற்கு மதிப்பெண் உண்டு.