மீ சேவா முதல் வாட்ஸ்அப் வரை: தமிழக எல்லையில் ஆந்திர அரசின் இணையவழிச் சேவைகள்

விஜயபுரம்: ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில், தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளது விஜயபுரம் மண்டலம். தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பகுதியில் வருமானச் சான்று, சாதிச் சான்று, நில ஆவண நகல் ஆகியவற்றைப் பெறும் வாசல் 2011-ஆம் ஆண்டுக்குப் பின் மூன்று முறை இடம் மாறியுள்ளது. தாசில்தார் அலுவலகத்திலிருந்து மீ சேவா மையத்துக்கும், அங்கிருந்து கிராமச் செயலகத்துக்கும், பின்னர் கைப்பேசிக்கும் அது நகர்ந்திருக்கிறது. ஆனால், சான்றிதழ் கோரும் விண்ணப்பத்தின் மீது முடிவெடுப்பவர் இன்றும் வருவாய்த் துறை அலுவலர்தான்.

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் மீ சேவா திட்டம் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது சித்தூர் மாவட்டத்தில்தான். 2011 நவம்பரில், அப்போதைய முதல்வர் என்.கிரண்குமார் ரெட்டி தமது சொந்த மாவட்டத்தில் இதனைத் தொடங்கி வைத்தார். 'மீ சேவா' என்பதற்குத் தெலுங்கில் 'உங்கள் சேவை' என்று பொருள். 2001-இல் ஐதராபாத்தில் தொடங்கிய இ-சேவா, பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் இடமாகவே இருந்தது. மீ சேவா அதிலிருந்து வேறுபட்டது. வருவாய், பதிவுத் துறைகளின் ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, அலுவலரின் மின்னணுக் கையொப்பத்துடன் சேமிக்கப்பட்டன. அத்தகைய கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்கெனவே சட்ட அங்கீகாரம் வழங்கியிருந்தது.

இதனால் சேவைகள் இரு வகையாகப் பிரிந்தன. கணினியில் ஏற்கெனவே உள்ள அடங்கல், 1-பி போன்ற நில ஆவணங்களின் நகல் உடனடியாகக் கிடைக்கிறது. (சென்னை மாகாணக் காலத்து வருவாய்க் கணக்கின் 'அடங்கல்' என்ற பெயர் எல்லையின் இருபுறமும் இன்றும் வழக்கில் உள்ளது.) விசாரணை தேவைப்படும் சான்றுகளுக்கோ விண்ணப்பம் மட்டுமே இணையத்தில் செல்கிறது. கிராம வருவாய் அலுவலரின் அறிக்கையும் தாசில்தாரின் ஒப்புதலும் வரும்வரை காத்திருக்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் மாணவர்கள் அவதிப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

பயன் இல்லை என்று கூற இயலாது. அலுவலகத்துக்கு ஒரு முறை செல்வதைத் தவிர்த்தாலே கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் ஊதியமும் பேருந்துக் கட்டணமும் மிஞ்சும். ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியையும் முதியோர் ஓய்வூதியத்தையும் விரல்ரேகை அட்டை வழியாக வழங்கும் முறையை ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர், பணம் விரைவாகவும் குறைந்த முறைகேட்டுடனும் சேர்ந்ததாக 2016-இல் வெளியிட்ட ஆய்வில் தெரிவித்தனர்.

சிக்கல் தொடங்குவது பதிவில் பிழை இருக்கும்போது. எல்லைப் பகுதியில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. தெலுங்குக் குடும்பங்கள் வீட்டுப் பெயரை முன்னால் இடுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் தந்தை பெயரின் முதலெழுத்தை இடுகின்றன. ஒரே நபரின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும், நிலப் பதிவில் மூன்றாவது விதமாகவும் அமைந்துவிடலாம். ஊரை அறிந்த எழுத்தர் இவை ஒருவரையே குறிப்பவை எனப் புரிந்துகொள்வார். மென்பொருளுக்கு அந்த அறிமுகம் கிடையாது. பிழையைத் திருத்தும் அலைச்சல் முழுவதும், பிழையைச் செய்தவர் எவராயினும், குடிமகனின் தலையிலேயே விழுகிறது.

2019 அக்டோபர் 2 அன்று கிராம, வார்டு செயலக முறை நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் 50 வீடுகளுக்கு ஒருவர் என நியமிக்கப்பட்ட தன்னார்வலர்கள் ஓய்வூதியத்தை வீட்டிலேயே வழங்கினர். 2024 தேர்தலையொட்டி தேர்தல் ஆணையம் அவர்களை இப்பணியிலிருந்து விலக்கியது. ஏப்ரலில் முதியோர் பலர் செயலகத்துக்கும், மே மாதத்தில் வங்கிகளுக்கும் கோடை வெயிலில் செல்ல நேர்ந்தது. கணினி அமைப்பு அப்படியே இருந்தது. வாசலுக்கு வந்த மனிதர் மட்டுமே இல்லை. எந்த இணைப்பில் இச்சேவை நின்றிருந்தது என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின. ஆட்சி மாற்றத்துக்குப் பின் 2024 ஜூலை 1 முதல், 4,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஓய்வூதியத்தைச் செயலக ஊழியர்கள் வீடு தேடிச் சென்று வழங்குகின்றனர்.

2025 ஜனவரி 30 அன்று அமைச்சர் நாரா லோகேஷ், 'மன மித்ரா' என்ற வாட்ஸ்அப் சேவையை 161 சேவைகளுடன் தொடங்கி வைத்தார். 95523 00009 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி விண்ணப்பிக்கலாம். எனினும், 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 21 சதவீதத்தினரே இணையத்தை எப்போதேனும் பயன்படுத்தியிருந்தனர். ஆண்களில் இது 48.8 சதவீதம். அதன்பின் கைப்பேசி பரவியுள்ளது என்றாலும், ஓய்வூதியம் பெறும் முதியோர் அந்த வயது வரம்புக்கு வெளியே நிற்பவர்கள் என்பதையும் கருத வேண்டும்.

தமிழை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அமைந்த படிவம் இன்னொரு தடை. குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. காகித மனுவில் அதைப் பயன்படுத்துவது எளிது. திரையில் உள்ள கட்டங்களில் எளிதன்று.

திருத்தணி, பள்ளிப்பட்டு பகுதிகளில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு மாநில எல்லையும் ஒரு சிக்கல். 1960 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில் அப்பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பட்டியல் சாதி, பழங்குடி பட்டியல்கள் மாநிலவாரியானவை. ஒரு மாநிலத்தில் பெற்ற தகுதி, குடிபெயர்ந்தவருடன் அடுத்த மாநிலத்துக்குச் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே திருமணமாகி எல்லை கடந்த பெண், சாதிச் சான்றுக்குப் பிறந்த ஊரின் தாசில்தாரையே நாட வேண்டியுள்ளது. ஆந்திரத்தின் மீ சேவாவும் தமிழகத்தின் இ-சேவையும் தனித்தனி அமைப்புகள். பேருந்தில் சென்றடையும் தொலைவில் இரு ஊர்களும் இருந்தாலும், விண்ணப்பம் இரண்டு இணையதளங்களில், இரண்டு மொழிகளில், இரண்டு கட்டணங்களுடன் தனித்தனியே தொடங்குகிறது.