ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தில் துருச் சீரமைப்பு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய சிறிய மகிழுந்து ஆகும். இதன் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் முடிவுற்றது. எஞ்சியுள்ள வண்டிகளுக்கு எந்திரக் கோளாற்றைக் காட்டிலும் உடற்பகுதித் தகடுகளில் பிடிக்கும் துருவே பெரிய கேடாக உள்ளது. இதன் உடற்பகுதி போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட தனித்தனித் தகடுகளால் ஆனது. ஆகவே துருச் சீரமைப்பின் பெரும் பகுதியை வீட்டிலேயே செய்ய இயலும். ஆனால் வண்டியின் எடையைத் தாங்கும் அடிச்சட்டகத்தில் செய்யப்படும் வேலை பயணிப்போரின் உயிருடன் தொடர்புடையது. எனவே எந்தப் பகுதியை எவ்வளவு தூரம் வீட்டில் சீர்செய்யலாம் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வரலாறு

பிரித்தானியாவின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இணைந்து 1948 இல் இந்திய நிறுவனத்தைத் தொடங்கின. வான்கார்டு, எயிட், டென், பென்னன்ட் ஆகிய வகைகளுக்குப் பின்னர் 1961 இல் ஹெரால்டு வெளிவந்தது. இது 1959 இல் பிரித்தானியாவில் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் ஆகும். மூல வடிவமைப்பு இத்தாலியரான ஜொவான்னி மிக்கேலொட்டியுடையது. தொடக்கத்தில் இரண்டு கதவுகளுடன் வந்த இவ்வண்டி, 1960களின் இறுதியில் நான்கு கதவுகளுடன் இந்தியாவிலேயே மாற்றியமைக்கப்பட்டது. இதன் வழிவந்த ஸ்டாண்டர்டு கசல் 1972 முதல் 1977 வரை விற்பனையில் இருந்தது.

நிறுவனத்தின் கடைசி மகிழுந்தான ஸ்டாண்டர்டு 2000 என்பதன் உற்பத்தி 1988 இல் நின்றது. பெருங்களத்தூர் ஆலை இருந்த நிலத்தில் பின்னர் தகவல் தொழில்நுட்ப வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. ஆகவே ஹெரால்டின் தகடுகளை உருவாக்கித் தரும் ஆலை இன்று இல்லை. டிரையம்ப் ஹெரால்டுக்கான சில தகடுகள் பிரித்தானியாவில் கிடைக்கின்றன. ஆயினும் நான்கு கதவு வகையின் பின் கதவுகள் இந்தியாவுக்கே உரியவை என்பதால் அவற்றுக்கு அங்கும் மாற்று இல்லை. சென்னையில் பழைய உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் தேடுவதே உரிமையாளர்களின் வழக்கம். அரித்துப்போன ஒரு கதவைத் தூக்கி எறிந்தால் அதற்கு ஈடான இன்னொன்று கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பழைய தகட்டைக் காப்பாற்றுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

உடற்பகுதியின் அமைப்பு

தற்காலத்து மகிழுந்துகளில் உடற்பகுதியும் சட்டகமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டு இதற்கு மாறானது. இதற்குத் தனியான எஃகு அடிச்சட்டகம் உண்டு. அச்சட்டகத்தின் மீது முன் பிரிவு, பின் பிரிவு, கூரை, கதவுகள், பக்கவாட்டு அடித்தகடுகள் ஆகியன போல்ட்டுகளால் பொருத்தப்பட்டுள்ளன. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும்.

கதவுகளுக்குக் கீழே உள்ள அடித்தகடு பிற வண்டிகளில் எடை தாங்கும் உறுப்பாகும். ஹெரால்டில் அது போல்ட்டால் பொருத்தப்பட்ட மூடுதகடு மட்டுமே. மாறாக, சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்குகைகள் உடற்பகுதியின் எடையை ஏற்கின்றன. அடித்தகட்டில் ஓட்டை விழுந்தால் அழகு கெடும். தாங்குகை அரித்தால் உடற்பகுதி தொய்ந்து, கதவுகள் சரியாக மூடாமல் போகும்.

துருப்பிடித்தலின் காரணங்கள்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும்போது நிகழும் மின்வேதி வினையே துருப்பிடித்தல் ஆகும். துரு தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். வண்ணப்பூச்சு கொப்புளம்போல் உப்புவதற்கு இதுவே காரணம். கொப்புளம் வெளியே தெரியும்போது உட்புறம் பெரும்பாலும் அதைவிடப் பரவலாக அரிக்கப்பட்டிருக்கும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 விழுக்காட்டைக் கடந்தால் துருப்பிடித்தல் விரைவுபெறும். சென்னையில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் இந்த அளவுக்கு மேலேயே உள்ளது. நகரின் ஆண்டு மழையளவு சுமார் 1400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கும் மேலானது அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் மிதக்கும் உப்புத் துகள்களும் தகட்டில் படிகின்றன. உப்பிலுள்ள குளோரைடு, நீர்ப்படலத்தின் மின்கடத்தும் திறனைக் கூட்டி அரிப்பை விரைவாக்கும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரால் நாள்தோறும் வண்டியைக் கழுவுவதும் இதே விளைவைத் தரும்.

2015 திசம்பர் 1, 2 ஆம் நாட்களில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய பகுதிகள் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. இவ்வாறு மூழ்கிய வண்டிகளில் வெளிப்புறம் காய்ந்த பிறகும் கால்மிதிக்கு அடியிலும், பெட்டி போன்ற மூடிய சட்டகப் பகுதிகளிலும் சேறு தங்கிவிடும. சேற்றுக்கு அடியிலுள்ள இரும்புக்கு ஆக்சிசன் குறைவாகவும், ஓரத்திலுள்ள இரும்புக்கு மிகுதியாகவும் கிடைக்கும். இந்த வேறுபாட்டினால் சேற்றுக்கு அடியிலுள்ள பகுதியே அரிக்கப்படுகிறது. வெள்ளம் வடிந்து பல மாதங்கள் கழித்து ஓட்டைகள் தென்படுவது இதனாலேயே.

சோதித்தல்

ஹெரால்டில் துரு மிகுதியாகக் காணப்படும் இடங்கள்: சட்டகத்தின் தாங்குகைகள், முன் இருக்கைகளின் கீழுள்ள தரைத்தகடு, கதவுகளின் அடிவிளிம்பு, சக்கர வளைவுகள், முகப்பு விளக்கைச் சுற்றிய பகுதி, டிக்கியின் தரை ஆகியன.

சோதிக்கும் முன்னர்க் கால்மிதிகளையும் விரிப்புகளையும் முழுமையாக நீக்க வேண்டும். ஐயத்துக்குரிய இடத்தைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும் அல்லது முனை உள்ளே இறங்கும். வெளித்தகட்டில் சிறு காந்தத்தை நகர்த்திப் பார்த்தால், பட்டி தடிமனாகப் பூசப்பட்ட இடத்தில் அது ஒட்டாது. பழைய வண்டியை வாங்குவோர் பளபளக்கும் புதுப் பூச்சைக் கண்டு ஏமாறாமல் இருக்க இச்சோதனை உதவும்.

சீரமைப்பு முறைகள்

மேற்பரப்புத் துரு: தகடு வலுவாக இருந்து மேற்பரப்பு மட்டும் துருப்பிடித்திருந்தால், கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் பளிச்சிடும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். நல்ல பூச்சு உள்ள இடத்திலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தேய்த்துச் செல்வது நல்லது. சிறு குழிகளில் எஞ்சும் துருவைப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். பின்னர்க் கழுவி, உலர்த்தி, அன்றே எபாக்சி பிரைமர் பூச வேண்டும். சென்னைக் காற்றில் பளிச்சிடும் இரும்பு ஓரிரவிலேயே மீண்டும் செம்மை படரும்.

ஓட்டை விழுந்த தகடு: அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி நீக்க வேண்டும். அட்டையில் மாதிரி வெட்டி, அதைக்கொண்டு 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.) எஃகுத் தகட்டில் ஒட்டு வெட்டப்படும். பற்றவைப்பதற்குச் சி.ஓ.டூ. வெல்டிங் ஏற்றது. சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டை எளிதில் ஓட்டையாக்கிவிடும். ஒரே மூச்சில் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் தகடு சூட்டில் நெளியும். எனவே தொலைவாக உள்ள இடங்களில் மாறி மாறிப் புள்ளிகள் வைத்து, இடைவெளிகளைச் சிறிது சிறிதாக நிரப்புவர். வெல்டிங் பழகாதவர்கள் வெட்டுதல், மாதிரி எடுத்தல், தேய்த்தல் ஆகியவற்றைத் தாமே செய்து, தகட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்லலாம். போல்ட்டால் இணைந்த ஹெரால்டில் இது எளிது.

பட்டி: தகட்டின் சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்ய மட்டுமே பட்டி பயன்படும். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. துருவின் மீதோ ஓட்டையின் மீதோ அதைப் பூசினால், பின்புறமாக வரும் நீர் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையே தங்கும். அடுத்த பருவமழைக்குள் பூச்சு மீண்டும் உப்பும். வீட்டுச் சீரமைப்புகள் தோல்வியுறுவதற்கு இதுவே பொதுவான காரணம் ஆகும்.

சிறு உறுப்புகள்: கீல்கள், தாங்கிகள் போன்றவற்றை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மையாக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, 12 வோல்ட் மின்கல மின்னேற்றியின் எதிர்முனையைத் துருப்பிடித்த உறுப்புடனும், நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டுடனும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நேர்முனையில் துருவேறா எஃகைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் உண்டாகும். இவ்வினையில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வளி வெளியேறுவதால் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். சுருள்வில்களையும் கடினப்படுத்தப்பட்ட போல்ட்டுகளையும் இம்முறைக்கு உட்படுத்தலாகாது. ஐதரசன் உட்புகுந்து அவை நொறுங்கும் தன்மை அடையக்கூடும்.

வண்ணப்பூச்சு: அக்காலத்து வண்டிகளுக்கு டக்கோ எனப் பொதுவாக வழங்கும் நைட்ரோசெல்லுலோசு பூச்சு ஏற்றது. ஈரம் மிகுந்த நாளில் இதைத் தெளித்தால் பரப்பில் வெண்மை படரும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்து, வறண்ட நாட்களில் முற்பகலில் தெளிப்பது நன்று. சிவப்பு ஆக்சைடு பிரைமரை மட்டும் பூசி, மேற்பூச்சின்றி மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அது நீரை உட்புகவிடும்.

பாதுகாப்பு

அடிச்சட்டகம், தாங்குகைகள், சக்கரத் தொங்கமைப்பு பொருந்தும் இடங்கள், இருக்கை பொருந்தும் தரை ஆகியவற்றின் பற்றவைப்பைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அரித்த தாங்குகையின் மேல் தகடு ஒட்டி வண்ணம் பூசினால் வெளியே குறை தெரியாது. ஆனால் மோதலின்போது அது தாங்காது. தாங்குகையை வெட்டும் முன் உடற்பகுதி தொய்யாதவாறு முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஜாக்கியின் மீது மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் செல்லலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகள் வைத்த பின்னரே செல்ல வேண்டும். பற்றவைக்கும் முன் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, பெட்ரோல் தொட்டியை அகற்ற வேண்டும். வெறுமையான தொட்டியில் தங்கியுள்ள ஆவி, பெட்ரோலைவிட எளிதில் வெடிக்கும். எனவே தொட்டியை வீட்டில் பற்றவைக்கவே கூடாது. பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் தேவை. கடினமாக்கி கலந்து தெளிக்கும் இருகூறுப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழலைத் தாக்கும். அவை தகுந்த காற்றோட்டமும் சுவாசக் கருவியும் உள்ள இடத்தில் மட்டுமே தெளிக்கத் தக்கவை.

சட்ட நிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வண்டியின் நிறத்தை மாற்றினால் பதிவுச் சான்றிதழிலும் திருத்தம் செய்ய வேண்டும். தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறியீடு டி.என். 11 ஆகும்.

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 இல் நடுவண் அரசு தனி விதிகளை அறிவித்தது. சட்டகம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கே இப்பதிவு கிடைக்கும். எனவே பழைய தகட்டை அதன் வடிவிலேயே சீர்செய்வது சட்ட நோக்கிலும் பயனுடையது.

தடுப்பு முறைகள்

சீரமைத்த பின் நீர் தங்கும் வழிகளை அடைக்காவிட்டால் துரு அதே இடத்தில் மீண்டும் தோன்றும். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மழைக்காலத்துக்கு முன்னர்க் கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மூடிய பகுதிகளுக்குள் மெழுகு வகைத் தடுப்புப் பூச்சைத் தெளிக்கலாம். பயன்படுத்திய எஞ்சின் ஆயிலை அடிப்பகுதியில் தெளிக்கும் பழைய வழக்கம் ரப்பர் புஷ்களைக் கெடுப்பதோடு மண்ணையும் மாசுபடுத்தும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். கூரையின் கீழ், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துவதே நன்று.