சர்க்கார் வாக்கு

1945-ம் வருஷம். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சில விவசாயிகள் கோதுமைப் பயிருக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுக்கப் போனார்கள்.

தனியார் கம்பெனி இல்லை. அமெரிக்க அரசாங்கமே சொந்தமாக நடத்திய பயிர்க் காப்பீட்டு கார்ப்பரேஷன். அதன் சார்பில் உள்ளூரில் ஒரு கமிட்டி இருந்தது. விவசாயிகள் எதையும் மறைக்கவில்லை. மொத்தம் 460 ஏக்கர். அதில் 400 ஏக்கர், ஏற்கெனவே குளிர்காலக் கோதுமை போட்ட நிலம். அதிலேயே இப்போது வசந்தகாலக் கோதுமையை மறுபடி விதைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனாலென்ன, மொத்தப் பயிருக்கும் இன்ஷ்யூரன்ஸ் உண்டு என்றது கமிட்டி. விண்ணப்பம் மேலிடத்துக்குப் போனது. ஏற்கப்பட்டது.

சில மாதங்களில் வறட்சி வந்தது. பயிர் கருகியது. பணம் கேட்டுப் போனால், கார்ப்பரேஷன் கையை விரித்துவிட்டது. மறுவிதைப்பு செய்த நிலத்துக்குக் காப்பீடு கிடையாது என்று விதிகளில் இருக்கிறதாம்.

உங்கள் கமிட்டிதானே உண்டென்று சொன்னது? ஐடஹோ கோர்ட்டுகள் விவசாயிகளின் பக்கம்தான் நின்றன. வழக்கு வாஷிங்டனுக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1947-ல் தீர்ப்பு. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம். ஜெயித்தது அரசாங்கம்.

பெரும்பான்மையின் சார்பில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டர். அவர் சொன்னதன் சாரம் இதுதான். விதி, அரசிதழில் அச்சாகியிருக்கிறது. அச்சாகிவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் கணக்கு. அரசு ஊழியர் வாய் தவறி வேறு ஏதாவது சொன்னால், அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. எதிர்த்தரப்பில் நின்ற நீதிபதி ஜாக்சனுக்கு இது பொறுக்கவில்லை. வயலில் நிற்கிற விவசாயி ஒவ்வொருவரும் அரசிதழைக் கரைத்துக் குடித்திருப்பார் என்று நினைப்பதே அபத்தம் என்று எழுதினார். எழுதி என்ன? நஷ்டம் விவசாயிக்குத்தான்.

எதற்கு இந்தப் பழைய கோதுமைக் கதை? காரணம் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கமிட்டியின் நாற்காலியில் மனிதர்களுக்கு பதில் மெஷின் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

மெஷின் பேசுவது புதிதல்ல. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர், எலைஸா என்றொரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி வெளியிட்டார். மனநல மருத்துவர் மாதிரி பேசும். ரொம்ப எளிமையான தந்திரம்தான். நீங்கள் சொன்னதையே கொஞ்சம் திருப்பிப் போட்டு உங்களிடமே கேள்வியாகக் கேட்கும். அதற்கு ஒன்றும் புரியாது என்பது வைசன்பாமின் செக்ரட்டரிக்கு நன்றாகவே தெரியும். கண்ணெதிரே உருவானதுதானே? ஆனாலும் கொஞ்ச நேரம் அதனோடு பேசிய அந்தப் பெண்மணி, தயவுசெய்து அறையைவிட்டு வெளியே போகிறீர்களா என்று பேராசிரியரையே கேட்டுவிட்டார்! ஆடிப் போய்விட்டார் வைசன்பாம். பிற்பாடு, கம்ப்யூட்டரிடம் எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று எச்சரித்து 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

யாரும் கேட்கவில்லை. அரசாங்கங்கள் கேட்கவே இல்லை. பின்னே? கவுன்ட்டரில் ஆள் வைத்தால் சம்பளம், லீவு, பென்ஷன். மெஷினுக்கு இதெல்லாம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் பதில் சொல்லும். எரிந்து விழாது. லஞ்சம் கேட்காது. மக்களுக்கும் லாபம்தானே?

லாபம்தான், பதில் சரியாக இருக்கிறவரைக்கும்.

சிங்கப்பூரில் 'ஆஸ்க் ஜேமி' என்று ஒரு சாட்பாட். பல அரசு இணையதளங்களில் ஜேமி இருந்தது. 2021 அக்டோபர், கோவிட் நேரம். மகளுக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று சுகாதார அமைச்சகத்தின் பக்கத்தில் கேட்டால் என்ன பதில் வந்தது தெரியுமா? பாதுகாப்பான உடலுறவு பற்றி ஆலோசனை. 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து, பால்வினை நோய் பற்றிய பழைய கேள்வி பதிலை எடுத்து நீட்டிவிட்டது போலிருக்கிறது. ஊரே சிரித்தது. அமைச்சகம் ஜேமியின் வாயை மூடி வைத்தது.

இந்தத் தப்பில் ஒரு சௌகரியம் உண்டு. தப்பு என்று யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். அடுத்த தலைமுறை மெஷின்கள் அப்படியில்லை. தப்பையும் சரளமாக, அழகாக, முழு நம்பிக்கையோடு சொல்லக்கூடியவை. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்கிற குமாஸ்தா அல்ல அது. இந்த வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகிற யந்திரம். விதியின் காகிதத்தைப் பக்கத்தில் வைத்தாலும் வழுக்கும்.

வழுக்கியது. நியூயார்க்கில்.

2023 அக்டோபரில் மேயர் எரிக் ஆடம்ஸ் 'மைசிட்டி' சாட்பாட்டை அறிமுகப்படுத்தினார். சிறு வியாபாரிகளுக்கான உதவி. மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பம். நகராட்சியின் 2,000-க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்கள் அதற்குத் தீனி. ஆறு மாதம் கூட ஆகவில்லை. 2024 மார்ச்சில் 'தி மார்க்அப்' பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பார்த்தார்கள்.

ஊழியருக்குக் கிடைக்கிற டிப்ஸில் முதலாளி பங்கு எடுக்கலாமா? எடுக்கலாம் என்றது மெஷின். சட்டப்படி எடுக்கக் கூடாது. கடையில் ரொக்கம் வாங்க மாட்டேன், கார்டு மட்டும்தான் என்று சொல்லலாமா? சொல்லலாமாம். 2020-லேயே நியூயார்க் அதைத் தடை செய்துவிட்டது. அரசின் வாடகை உதவிச் சீட்டோடு வருகிற ஏழையை வீட்டுக்காரர் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லையாம். ஏற்க மறுப்பது அந்த ஊரில் குற்றம். பத்திரிகையைச் சேர்ந்த 10 பேர் தனித்தனியாக இதே கேள்வியைக் கேட்டார்கள். 10 பேருக்கும் அதே தப்பான பதில்.

சட்டத்தை மீறச் சொல்லி நகராட்சியே சொல்லிக் கொடுக்கிறது! அதை நம்பி ஒரு பெட்டிக்கடைக்காரர் நடந்தால், அபராதம் போட வருகிறதும் அதே நகராட்சிதான்.

சில இடங்களில் தப்பு இருக்கிறது, திருத்துவோம் என்றார் மேயர். ஆனால் கடையை மூடவில்லை. தவறான பதில் வரலாம், இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கை போர்டு மாட்டினார்கள். கடைசியில் 2026 ஜனவரியில், புதிதாக வந்த மேயர் ஸோரான் மம்தானிதான் அதை மூடப்போவதாக அறிவித்தார். அவர் சொன்ன காரணம், பட்ஜெட்டில் துண்டு விழுகிறது!

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா பேப்பரில் ஏஜென்ஸி என்று ஒரு பாடம் உண்டு. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். உருப்போட்டதில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. கொடுத்த அதிகாரத்துக்குள் ஏஜென்ட் பேசினால், அது முதலாளி பேசியது மாதிரி. அப்புறம் 'அவன் ஏதோ உளறிட்டான்' என்று நழுவ முடியாது.

தனியார் விஷயத்தில் இது மெஷினுக்கும் பொருந்தும் என்று ஒரு தீர்ப்பே வந்துவிட்டது. 2022-ல் பாட்டி இறந்துபோன துக்கத்தில் ஊருக்குப் போக நினைத்த ஒரு கனடாக்காரரிடம், முதலில் டிக்கெட் வாங்குங்கள், சலுகைக் கட்டணத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்றது ஏர் கனடாவின் சாட்பாட். கம்பெனியின் விதி அப்படியில்லை. பணம் தர மறுத்தார்கள். சாட்பாட் ஒரு தனி ஜீவன், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற ரீதியில் வாதம் வேறு! 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உன் இணையதளம், உன் பொறுப்பு. வட்டி, செலவு எல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் எடுத்து வை என்றுவிட்டது.

ஆக, விமான கம்பெனியின் மெஷின் தப்பாகச் சொன்னால், பணத்தைத் திருப்பி வாங்க வழி உண்டு. அரசாங்கத்தின் மெஷின் தப்பாகச் சொன்னால்? அமெரிக்காவில் அந்த 1947-ம் வருஷத்துக் கோதுமைத் தீர்ப்பு வழிமறித்து நிற்கிறது.

இதுதான் விபரீதம். அன்றைக்குத் தப்புச் சொன்னது ஒரு கவுன்ட்டியின் ஒரு கமிட்டி. மாட்டிக்கொண்டது சில விவசாயிகள். மெஷின் ஒரே தப்பை ஒரே நாளில் லட்சம் பேருக்குச் சொல்லும்.

ஐரோப்பா ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. பேசுவது மெஷின் என்பதை மக்களிடம் சொல்லியாக வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. நல்ல விதி. ஆனால் எலைஸாவிடம் பேசிய அந்தப் பெண்மணிக்கும் அது மெஷின் என்று தெரியும்தானே? தெரிந்துமா நம்பவில்லை?

எச்சரிக்கை போர்டு போதாது. கேட்ட கேள்வி, சொன்ன பதில், தேதி மூன்றும் பதிவாகி, கேட்டவர் கைக்கு ஒரு நகல் வரவேண்டும். அதை நம்பி நடந்தவருக்கு அபராதம் கூடாது. சந்தேகமென்றால் பேச ஒரு மனிதர் இருக்கவேண்டும். இதற்கெல்லாம் அரசாங்கம் தயாரில்லை என்றால், மெஷினை கவுன்ட்டரில் உட்கார வைக்காமலிருப்பது உத்தமம்.

அந்த விவசாயிகள் செய்த ஒரே தப்பு, சர்க்கார் ஆள் சொன்னால் சர்க்கார் சொன்னதாக நினைத்தது. நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்?